கிட் ஏ ஆல்பம்: பிடித்தவர்களும் பிடிக்காதவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ராக் கேட்பவர்கள் நாலு பேர் கூடினால் ரேடியோஹெட்டின் கிட் ஏ பற்றிய வாக்குவாதம் எப்படியும் வந்துவிடுகிறது. ஒருவர் அதைப் போல ஒரு ஆல்பம் இல்லை என்பார். பக்கத்தில் இருப்பவர் இரண்டு பாட்டுக்கு மேல் தாங்கவில்லை என்பார். நண்பர்களும் புதிதாகக் கேட்கத் தொடங்கியவர்களும் பல வருடமாக ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே அவற்றை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைச் சேர்த்திருக்கிறேன். எனக்கு இந்த ஆல்பம் மிகவும் பிடிக்கும். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கிட் ஏ, கிட் ஏ-ன்னு சொல்றாங்களே, அது என்ன?

ரேடியோஹெட் இங்கிலாந்துக் குழு. ஆக்ஸ்போர்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஆபிங்டனில் ஒரே பள்ளியில் படித்த ஐந்து பேர்: பாடகர் தாம் யார்க், ஜானி கிரீன்வுட், அவருடைய அண்ணன் காலின் கிரீன்வுட், எட் ஓபிரையன், ட்ரம்ஸ் வாசிக்கும் பிலிப் செல்வே. கிட் ஏ அவர்களுடைய நான்காவது ஆல்பம். 2000 அக்டோபரில் வந்தது. பத்துப் பாட்டுகள், சுமார் ஐம்பது நிமிடம். குழுவோடு சேர்ந்து தயாரித்தவர் நைஜல் காட்ரிச்.

பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அமெரிக்காவில் அவர்களுக்கு அதுவே முதல் முதலிடம். 2001இல் சிறந்த ஆல்டர்நேட்டிவ் ஆல்பத்துக்கான கிராமி விருதும் கிடைத்தது. இத்தனைக்கும் பிறகும் அது நல்ல ஆல்பமா என்ற சண்டை ஓயவில்லை.

ராக் ஆல்பம்னு சொன்னாங்க. கிதாரே காணோமே?

இருக்கிறது, ஆனால் தாமதமாக வருகிறது. ஆப்டிமிஸ்டிக் முழுக்க முழுக்கக் கிதார் பாட்டுதான். ஹவ் டு டிஸப்பியர் கம்ப்ளீட்லி ஒரு சாதாரண அகூஸ்டிக் கிதாரின் மேல் நிற்கிறது. சின்தசைசர் என்று பலரும் நினைக்கும் ட்ரீஃபிங்கர்ஸ் கூட எட் ஓபிரையன் வாசித்த கிதாரைக் கணினியில் போட்டு உருமாற்றி எடுத்ததே.

சிக்கல் வரிசையில் இருக்கிறது. முதல் பாட்டான எவ்ரிதிங் இன் இட்ஸ் ரைட் பிளேஸ், ஒரு பழைய ப்ராஃபெட்-5 சின்தசைசரும் துண்டு துண்டாக வெட்டிய குரலும்தான். இரண்டாவது பாட்டில் யார்க்கின் குரலே மனிதக் குரலாக இல்லை. அவர் சொன்ன வார்த்தைகளை ஓன்ட் மார்த்தெனோ என்ற பழைய மின்னணுக் கருவியின் வழியே அனுப்பி, மெட்டை அந்தக் கருவியிடமே கொடுத்துவிட்டார்கள். மூன்றாவதான தி நேஷனல் ஆந்தம், ஒரே இடத்தில் சுற்றும் பேஸ், அதன் மேல் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும் பித்தளை வாத்தியங்கள். பழக்கப்பட்ட கிதார் காதில் விழ நான்காவது பாட்டான ஹவ் டு டிஸப்பியர் கம்ப்ளீட்லி வரை போக வேண்டும். அதற்குள் பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள். இதைத் தெரிந்தேதான் அப்படி அடுக்கினார்கள் என்று நான் நினைக்கிறேன். எந்த மாதிரி ஆல்பத்துக்குள் வருகிறோம் என்பதை வாசலிலேயே சொல்லிவிடுகிறார்கள்.

ஓகே கம்ப்யூட்டர் மாதிரியே இன்னொண்ணு போட்டிருக்கலாமே? யார் மாறச் சொன்னா?

1997இல் வந்த முந்தைய ஆல்பமான ஓகே கம்ப்யூட்டர் அவர்களை உலகின் மிகப் பெரிய ராக் குழுக்களில் ஒன்றாக்கியது. அதற்குப் பின் வந்த நீண்ட சுற்றுப்பயணத்தில் யார்க் மனம் ஒடிந்துபோனார். பாட்டு எழுத முடியவில்லை. பிரிட்டிஷ் வானொலியில் எதைத் திருப்பினாலும் தங்களைப் போலவே பாடும் குழுக்கள். சொந்தக் குரலே அவருக்கு அலுத்துவிட்டது. மெட்டின் மேல் இருந்த ஆசை போய், தாளத்திலும் ஓசையிலும் மனம் சென்றது. ஏபெக்ஸ் ட்வின், ஒட்டேகர் போன்ற எலக்ட்ரானிக் இசைக்காரர்களை வெளியிட்ட வார்ப் நிறுவனத்தின் இசைத்தட்டுகளை வாங்கிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒலிப்பதிவு 1999 தொடக்கத்தில் பாரிஸில் ஆரம்பித்து, கோபன்ஹேகன், குளோஸ்டர்ஷயர் என்று அலைந்து, ஆக்ஸ்போர்டில் அவர்களே அமைத்த ஸ்டூடியோவில் 2000இல் முடிந்தது. எட் ஓபிரையனுக்கு மெட்டுள்ள சின்னச் சின்னக் கிதார் பாட்டுகளுக்குத் திரும்பும் ஆசை இருந்தது. கிதாரை வைத்துக்கொண்டு இந்தப் புது இசையில் என்ன செய்வது என்று சிலருக்குப் புரியவே இல்லை. வெளியிடத் தகுந்த ஆல்பம் ஒன்றில் உடன்பட முடியாவிட்டால் குழுவைக் கலைத்துவிடலாம் என்று பேசி முடிவெடுக்கும் வரை போனது. இன்று கேட்பவர்கள் போடும் சண்டையை முதலில் போட்டவர்கள் அந்த ஐந்து பேர்தான். எனக்கு இந்த விவரம் முக்கியமாகப் படுகிறது. ஆல்பத்தைப் பிடிக்காதவர்களை விவரம் தெரியாதவர்கள் என்று ஒதுக்குகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

வெளிவந்த அன்னைக்கே எல்லாரும் கொண்டாடினாங்களா?

இல்லவே இல்லை. மெலடி மேக்கர் பத்திரிகையில் மார்க் போமன்ட் ஐந்துக்கு ஒன்றரை மதிப்பெண் கொடுத்துக் கிழித்துத் தொங்கவிட்டார். பத்து ஆண்டு கழித்து மறுபடி எழுதியபோதும் அவர் மனம் மாறவில்லை. நாவலாசிரியர் நிக் ஹார்ன்பி நியூயார்க்கர் இதழில் வைத்த வாதம் இன்னும் கூர்மையானது. இப்படிப்பட்ட ஆல்பத்தோடு இரவிரவாக உட்கார்ந்து போராடப் பதினாறு வயது வேண்டும். வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்குகிறவனுக்கு அந்தப் பொறுமையும் பக்தியும் எங்கே மிஞ்சும் என்பது அவர் கேள்வி. இன்னொரு பக்கம், அப்போது சின்ன இணைய இதழாக இருந்த பிட்ச்ஃபோர்க் பத்துக்குப் பத்து கொடுத்தது. அந்த விமர்சனமே தனியாகப் பிரபலமாகிவிட்டது.

காலம் போகப் போகத் தராசு ஒரு பக்கம் சாய்ந்தது. 2009இல் ரோலிங் ஸ்டோன் இதழ், பிட்ச்ஃபோர்க், லண்டனின் டைம்ஸ் மூன்றும் அந்தப் பத்தாண்டின் சிறந்த ஆல்பமாகக் கிட் ஏவைத் தேர்ந்தெடுத்தன. ரோலிங் ஸ்டோனின் 500 சிறந்த ஆல்பங்கள் பட்டியலைப் பார்த்தால் ஏற்றம் தெளிவாகத் தெரியும்: 2003இல் 428ஆம் இடம், 2012இல் 67, 2020இல் 20. பட்டியல் போடுபவர்களும் ஓட்டுப் போடுபவர்களும் மாறியிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். இதற்குக் கீழே திரும்ப வருகிறேன்.

சிங்கிள் இல்ல, வீடியோ இல்ல. அப்புறம் எப்படி நம்பர் ஒன் ஆச்சு?

தனிப் பாட்டாக விற்கும் சிங்கிள் என்று எதையும் கடைக்கு அனுப்பவில்லை என்பது உண்மை. ஆப்டிமிஸ்டிக் போன்ற பாட்டுகள் அமெரிக்க வானொலியில் ஓடின. வழக்கமான வீடியோவுக்குப் பதில் சில நொடிகளே ஓடும் சின்ன அனிமேஷன்களைச் செய்து இணையத்திலும் தொலைக்காட்சியிலும் விட்டார்கள். ஆல்பத்தை முழுதாகக் கேட்கும் பிளேயரை ரசிகர்களின் இணையதளங்களில் பதித்துக்கொள்ளக் கொடுத்தார்கள். அது 2000ஆம் ஆண்டுக்குப் புதுசு. வெளியீட்டுக்கு முன்பே, பாட்டுகளை இலவசமாகப் பகிர்ந்துகொள்ளும் நாப்ஸ்டர் என்ற இணையச் சேவையிலும் கசிந்துவிட்டது. கசிந்தால் விற்பனை படுத்துவிடும் என்று இசை நிறுவனங்கள் நடுங்கிய காலம் அது. ஆனால் அமெரிக்காவில் முதல் வாரமே இரண்டு லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. ஐரோப்பாவில் விளம்பரப் பலகை எதுவும் இல்லாத பெரிய கூடாரத்துக்குள் கச்சேரி நடத்தினார்கள்.

வரி ஒண்ணும் புரியலை. எனக்கு இங்கிலீஷ் போதலையா?

உங்கள் ஆங்கிலம் நன்றாகவே இருக்கிறது. ஆங்கிலேயர்களுக்கும் புரியவில்லை. எழுதி வைத்திருந்த வாக்கியங்களை வெட்டி, தொப்பியில் போட்டுக் குலுக்கி, வந்த வரிசையில் பாடும் முறையை யார்க் சில பாட்டுகளில் கையாண்டார். ஆல்பத்தோடு பாடல் வரிகளையும் அச்சிட்டுத் தரவில்லை. எனவே கதையைத் தேடாதீர்கள். ஒரு வாக்கியம் எத்தனை முறை திரும்ப வருகிறது, திரும்பும்போது குரல் எப்படி மாறுகிறது என்று கவனியுங்கள்.

விதிவிலக்காக ஹவ் டு டிஸப்பியர் கம்ப்ளீட்லியை எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றுப்பயணக் களைப்பில் தவித்த யார்க்குக்கு ஆர்.இ.எம். குழுவின் மைக்கேல் ஸ்டைப் ஒரு யோசனை சொன்னார்: கதவைச் சாத்திக்கொண்டு, நான் இங்கே இல்லை, இது நடக்கவில்லை என்று உனக்குள் சொல்லிக்கொள். அந்த யோசனைதான் பாட்டின் பல்லவி. இது தெரிந்தபின் ஒவ்வொரு சொல்லும் விளங்கும்.

கேட்டேன். ஜில்லுனு, உயிரே இல்லாம இருக்கு. இதுல என்ன உணர்ச்சி?

நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. மேலே சொன்னபடி குரலை வெட்டினார்கள், கருவிக்குள் மறைத்தார்கள். ராக் பாட்டில் நாம் உணர்ச்சியைத் தேடும் முதல் இடம் பாடகரின் குரல். அந்த இடத்தைப் பூட்டி வைத்திருந்தால் வீடு காலி என்றுதான் தோன்றும்.

ஆனால் அந்தக் குரல் எப்போது பூட்டை உடைத்துக்கொண்டு வெளியே வருகிறது என்று பாருங்கள். நான்காவது பாட்டின் பின்பாதியில், டார்செஸ்டர் மடாலயத் தேவாலயத்தில் பதிவுசெய்த வயலின்கள் சுரம் தவறுவது போல ஒன்றாக வழுக்கிச் சரிகின்றன. அவற்றுக்கு மேல் யார்க் சொற்களை விட்டுவிட்டு வெறும் உயிர் எழுத்தை நீட்டிப் பாடுகிறார். முதல் மூன்று பாட்டுகளில் அந்தக் குரலை நமக்குத் தராமல் பிடித்து வைத்ததால்தான் இங்கே அது அவ்வளவு தைக்கிறது. இடியடெக் என்ற பாட்டில் அதே குரல் மூச்சு வாங்க ஓடுகிறது, பேரழிவு வருகிறதென்று கத்தியும் யாரும் நம்பாத ஒருவனைப் போல. கடைசிப் பாட்டான மோஷன் பிக்சர் சவுண்ட்ட்ராக்கில் ஒரு கால் ஆர்மோனியமும் ஹார்ப்புமாக, கிட்டத்தட்டத் தேவாலயப் பாட்டாகவே முடிகிறது. இதை ஜில்லென்று என்னால் சொல்ல முடியவில்லை. பயந்துபோன ஆல்பம் என்றால் ஒத்துக்கொள்வேன்.

நடுவுல ட்ரீஃபிங்கர்ஸ்னு ஒண்ணு. பாட்டே இல்ல. எதுக்கு அது?

முந்தின பாட்டு நம்மை நசுக்கிவிட்டுப் போகிறது. அடுத்து வரும் ஆப்டிமிஸ்டிக் ட்ரம்ஸோடு இறங்குகிறது. நடுவே மூன்றேமுக்கால் நிமிட ஓய்வு. தனியாகக் கேட்டால் அதில் ஒன்றும் இல்லை, வரிசையில் கேட்டால் தேவை. என்னைக் கேட்டால் ஆல்பத்தின் தளர்ந்த இடம் இன் லிம்போ. அது எனக்கு இன்றுவரை மனதில் நிற்கவில்லை.

கடைசிப் பாட்டு முடிஞ்சு ஒரு நிமிஷம் சத்தமே இல்ல. என் சிடி கெட்டுப்போச்சா?

சிடி நன்றாகத்தான் இருக்கிறது. மௌனத்துக்குப் பிறகு ஒரு நிமிடத்துக்கும் குறைவான பெயரில்லாத துண்டு ஒன்று வரும். நிறுத்திவிடாதீர்கள்.

தாளம் ஏன் இடறுது? தலையாட்டவே முடியலையே.

மார்னிங் பெல் ஐந்து எண்ணிக்கையில் ஓடுகிறது. முதல் பாட்டைப் பத்துப் பத்தாக எண்ண வேண்டும். கர்நாடக இசையின் ஐந்து எண்ணிக்கைத் தாளமான கண்டசாபுவைக் கையில் போட்டுப் பழகியவர்களுக்கு இரண்டும் எளிதாகவே பிடிபடும். நான்கு நான்காக எண்ணினால்தான் இடறும்.

நான் எலக்ட்ரானிக் இசை கேட்கறவன். ஏற்கெனவே மத்தவங்க பண்ணினதைத்தானே இவங்க காப்பி அடிச்சாங்க? புரட்சின்னு எதுக்குச் சொல்றாங்க?

பாதி சரி. ஏபெக்ஸ் ட்வினும் ஒட்டேகரும் இந்த ஓசைகளைத் தொண்ணூறுகளிலேயே இன்னும் துணிச்சலாகச் செய்திருந்தார்கள். கிட் ஏ எலக்ட்ரானிக் இசையைக் கண்டுபிடித்தது என்று யாராவது சொன்னால் தாராளமாக மறுத்துப் பேசுங்கள். குழுவினர் தங்கள் கடன்களை மறைத்ததும் இல்லை. இடியடெக்கின் நான்கு கோர்டுகள் பால் லான்ஸ்கி என்ற அமெரிக்க இசையமைப்பாளர் 1973இல் கணினியில் செய்த மில்ட் உண்ட் லைசே என்ற படைப்பிலிருந்து எடுத்த சில நொடிகள். ஜானி கிரீன்வுட் பழைய இசைத்தட்டு ஒன்றில் அதைக் கண்டெடுத்தார். லான்ஸ்கியிடம் அனுமதி வாங்கினார்கள், அவர் பெயரும் பாட்டில் இருக்கிறது. லான்ஸ்கியும் சந்தோஷமாகவே அதைப் பற்றி எழுதினார். தி நேஷனல் ஆந்தத்தின் பித்தளைக் குழப்பம் ஜாஸ் மேதை சார்லஸ் மிங்கஸைக் கேட்டு வந்தது.

மீதிப் பாதியை நீங்கள் விட்டுவிடுகிறீர்கள். கிரீன்வுட் அந்தக் கோர்டுகள் உள்ள நீண்ட ஒலிப்பதிவு ஒன்றைக் கொடுக்க, யார்க் அதிலிருந்து ஒரு சின்னத் துண்டைப் பிடித்து, மேலே ஒரு மெட்டைப் போட்டுப் பாட்டாக்கினார். லான்ஸ்கியின் மூலத்தைக் கேட்டுப் பாருங்கள். அந்த இடம் வந்ததே தெரியாமல் கடந்து போகும். அதற்குள் ஒரு பாட்டு இருக்கிறது என்று கேட்ட காது பாட்டு எழுதுபவரின் காது. கிட் ஏவை எலக்ட்ரானிக் ஆல்பமாக எடைபோட்டால் சுமாராகத்தான் வரும். ஒரு ராக் குழு பாட்டை எந்தெந்த வழியில் எழுதலாம் என்று தேடிய ஆல்பமாகப் பார்த்தால் அதன் உயரம் தெரியும்.

எங்கிருந்து ஆரம்பிச்சா நல்லது? இதையே முதல்ல கேட்கலாமா?

கேட்கலாம், ஆனால் பலருக்கு நான் அப்படிச் சொல்வதில்லை. முதலில் 1995இல் வந்த தி பெண்ட்ஸ், அப்புறம் ஓகே கம்ப்யூட்டர், அப்புறம் இது. அந்தக் குரல் முழுசாக என்னவெல்லாம் செய்யும் என்று தெரிந்தால்தான் இங்கே எது பிடித்து வைக்கப்பட்டிருக்கிறது என்று புரியும். பஸ்ஸில் கேட்க வேண்டாம். இரவில், நல்ல ஹெட்போனில், வரிசை மாற்றாமல் கேளுங்கள்.

ஒரு தடவை கேட்டுப் பிடிக்காவிட்டால் 2001இல் வந்த ஐ மைட் பி ராங் என்ற நேரடிக் கச்சேரிப் பதிவுக்குப் போங்கள். அதில் இடியடெக், எவ்ரிதிங் இன் இட்ஸ் ரைட் பிளேஸ் எல்லாம் வேர்வையோடு இருக்கும். ஸ்டூடியோப் பதிவில் உயிரில்லை என்றவர்கள் பலர் இந்த வழியாக உள்ளே வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

பல தடவை கேட்டும் பிடிக்கலை. எனக்கு ரசனை இல்லைன்னு அர்த்தமா?

இல்லை. பாட்டு என்றால் முணுமுணுக்க ஒரு மெட்டு வேண்டும் என்பது நியாயமான எதிர்பார்ப்பு. இந்த ஆல்பம் அதைப் பல இடங்களில் தர மறுக்கிறது. பிடித்தவரும் பிடிக்காதவரும் பெரும்பாலும் ஒன்றையே விவரிக்கிறார்கள்: குரல் ஒளிந்திருக்கிறது, வரி உடைந்திருக்கிறது, பாட்டு முடியாமல் கரைகிறது. ஒருவருக்கு அது குறை, இன்னொருவருக்கு அதுவே ஈர்ப்பு. இதில் யாரும் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ரசிகர்களில் சிலர் எடுக்கும் பாடம்தான் பலரை இந்த ஆல்பத்திடமிருந்து விரட்டியிருக்கிறது. அது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

புரியலைன்னு சொல்லப் பயந்துதான் விமர்சகர்கள் புகழறாங்கன்னு நினைக்கிறேன். தப்பா?

அந்தப் பயம் இருக்கக்கூடியதுதான். மேலே சொன்ன பட்டியலில் 428இலிருந்து 20க்கு ஏறியதில், புதிதாகக் கேட்டு வியந்தவர்களும் இருப்பார்கள், பெரிய ஆல்பம் என்று படித்து வளர்ந்து ஓட்டுப் போட்டவர்களும் இருப்பார்கள். யார் எத்தனை பேர் என்று பிரிக்க வழியில்லை. பட்டியலை ஆதாரமாகக் காட்டி இந்த ஆல்பத்துக்காக வாதாட எனக்கு விருப்பமில்லை.

ஆனால் வெறும் பயம் என்றால் அது 2000இலேயே வேலை செய்திருக்க வேண்டும். அன்று கடுமையாகத் திட்டியவர்கள் இருந்தார்கள், பெயர் போட்டுத் திட்டினார்கள். ஹார்ன்பியின் வாதம் இன்றும் மதிக்கத்தக்கது, ஆனால் அதில் ஒன்று எனக்கு ஒத்துவரவில்லை. பொறுமை இளைஞர்களுக்கு மட்டும் உரியது என்கிறார். வேலை, குடும்பம் என்று ஆன பிறகு இந்த ஆல்பத்துக்கு வந்து சேர்ந்தவர்கள் எனக்குத் தெரிந்தே நிறைய. சுற்றி நடப்பதிலிருந்து கொஞ்ச நேரம் மறைந்துபோக வேண்டும் என்ற நான்காவது பாட்டின் ஆசை, பதினாறு வயதைவிட நாற்பது வயதுக்குத்தான் நன்றாகப் புரியும்.

அம்னீசியாக் இதோட மிச்சம் மீதிதானே?

அதே ஒலிப்பதிவுகளில் பிறந்த அடுத்த ஆல்பம்தான், 2001இல் வந்தது. மிச்சம் என்று சொல்ல மாட்டேன். அதில் இருக்கும் பிரமிட் சாங் மாதிரியான ஒரு பாட்டு கிட் ஏவில் இருந்திருந்தால் பாதி எதிர்ப்பு அடங்கியிருக்கும். ஆனால் முழு ஆல்பமாகக் கட்டுக்கோப்பு கிட் ஏவில்தான். மார்னிங் பெல் இரண்டிலும் வெவ்வேறு வடிவில் இருக்கிறது. அடுத்தடுத்துக் கேட்டால் வித்தியாசம் விளங்கும். 2021இல் இரண்டையும் கூடுதல் பதிவுகளோடு சேர்த்து கிட் ஏ நீசியா என்று வெளியிட்டார்கள்.

இப்ப எல்லாப் பாட்டுலயும் சின்தசைசர், வெட்டின குரல். எனக்கு இதுல ஒரு அதிர்ச்சியும் இல்லையே. அப்போ இதோட மதிப்பு போயிடுச்சா?

அதிர்ச்சி போய்விட்டது, சரிதான். ஓகே கம்ப்யூட்டருக்கு அடுத்து என்ன வரும் என்று மூன்று வருடம் காத்திருந்து, வீட்டுக்கு வந்து சிடியைப் போட்டவனுக்கு நேர்ந்தது உங்களுக்கு நேராது. ஏமாற்றத்துக்கும் அதே கதி. அன்று திட்டியவர்களில் பலர் திட்டியது கேட்ட ஆல்பத்தைவிட, கிடைக்காமல் போன ஆல்பத்தைத்தான்.

அதனால் இன்று முதன்முதலாகக் கேட்பவருக்கு ஒரு வசதி இருக்கிறது. எதிர்பார்ப்பு எதுவும் இல்லாமல் பத்துப் பாட்டையும் பாட்டுகளாக மட்டும் எடைபோடலாம். அப்படிப் பார்த்தால் என் கணக்கில் ஹவ் டு டிஸப்பியர் கம்ப்ளீட்லி, இடியடெக், எவ்ரிதிங் இன் இட்ஸ் ரைட் பிளேஸ் மூன்றும் எந்தக் காலத்திலும் நிற்கும். தி நேஷனல் ஆந்தமும் மோஷன் பிக்சர் சவுண்ட்ட்ராக்கும் அதற்கு அடுத்த படி. மற்றவை அந்த ஐந்துக்கும் துணை. இந்த வரிசை தவறு, ஆப்டிமிஸ்டிக் மேலே வர வேண்டும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு வாதிட நான் எப்போதும் தயார்.